ஓடைக்கரையும் அறக்கடனும்

தன் நிலத்தில் தான் விரும்பியதைப் பயிரிடும் உரிமை ஒருவனுக்கு உண்டு என்பதைப் பெரும்பாலோர் மறுப்பதில்லை. அந்நிலம் ஓர் ஓடையின் கரையிலே சென்று முடியுமாயின், அவ்வுரிமை எவ்விடத்திலே முடிகின்றது? கரையின் விளிம்புவரை உழுது விதைக்க அவனுக்கு உரிமை உண்டா? அன்றி, கரையையடுத்த ஒரு துண்டு நிலத்தை மரத்துக்கும் புல்லுக்கும் விட்டுவைக்கும் கடப்பாடு அவனுக்கு உண்டா? அவ்வாறு விட்டுவைப்பானாயின், அதனைப் பிறர்க்கு அவன் அளிக்கும் கொடை என்பதா, பிறர்க்கு அவன் செலுத்தும் கடன் என்பதா?

மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை விவசாயத் துண்டுப்பிரசுரம் ஒன்றிலே விடைகாண வேண்டிய வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் சொத்துரிமை, தீங்கு, பொறுப்பு என்னும் மூன்று எண்ணக்கருக்களும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாக அச்சிறு நிலத்துண்டு அமைந்துள்ளது. இவ்வினாக்களை ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநில அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அயோவாவைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. கரையோரத் தாவரப் பட்டையின் பயன் அங்கே அளந்து அறியப்பட்டுள்ளது. அப்பயனுக்குப் பணம் கொடுக்கும் முறை அங்கே நடைமுறையில் உள்ளது. மேல்நிலத்தாரும் கீழ்நிலத்தாரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றதும் அங்கேதான்.

முதலில் பயனை நோக்குவோம். அயோவா ஒருகாலத்தில் உயர்ந்த புல் வளரும் பெருவெளியாக விளங்கியது. அப்புல்வெளியில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. அதனிடத்தைச் சோளமும் சோயா அவரையும் பிடித்துக்கொண்டன. ஆண்டில் பல மாதங்கள் மண் வெறுமையாகக் கிடக்கின்றது. இளவேனில் மழை பெய்யும்போது மண்ணும் அதனோடு ஒட்டிய பொசுபரசும் நிலத்தின் மேலாக ஓடையை அடைகின்றன. நீரிற் கரையும் நைத்திரேற்று நிலத்தின் கீழாகக் கசிந்து அதே ஓடையை அடைகின்றது.

இம்மாநிலத்தின் ஸ்ரோறி மாவட்டத்தில் பெயார் கிறீக் என்னும் சிற்றோடையின் கரையில் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990ஆம் ஆண்டிலே ஒரு பட்டையை நாட்டத் தொடங்கினர். நீரையடுத்து விரைந்து வளரும் மரங்கள். அவற்றை அடுத்துச் செடிகள். வயலை நோக்கிய புறத்தில், பழைய புல்வெளிக்குரிய உயர்ந்த பல்லாண்டுப் புல். இவ்வரிசை காரணத்தோடு அமைந்ததாகும். வயலிலிருந்து வரும் நீரின் வேகத்தை விறைப்பான புல்லின் தண்டுகள் குறைக்கின்றன. வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவந்த மண்ணை அங்கேயே இறக்கிவிடுகின்றது. மரத்தின் வேர்கள் கரையை இறுகப் பற்றுகின்றன. அதன் நிழல் நீரைக் குளிர்விக்கின்றது. உதிரும் இலை நீர்வாழ் பூச்சிகளுக்கு உணவாகின்றது. பூச்சிகள் மீனுக்கு உணவாகின்றன. நிலத்தின் கீழே மற்றொரு வேலை நிகழ்கின்றது. ஒட்சிசன் குறைந்த ஈரமண்ணில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றி வளிமண்டலத்துக்கு அனுப்பிவிடுகின்றன.

இப்பட்டையின் திறன் 2003இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில் எண்களாகத் தரப்பட்டது. வயலிலிருந்து வழிந்தோடிய நீரில் இருந்த மண்ணில் 95 வீதத்தை 7 மீற்றர் அகலமான புற்பட்டை தடுத்தது. மொத்த நைதரசனில் 80 வீதத்தையும் மொத்தப் பொசுபரசில் 78 வீதத்தையும் தடுத்தது. புல்லோடு மரஞ்செடிகளும் சேர்ந்து ஏறத்தாழ 16 மீற்றர் அகலமாக அமைந்தபோது அவ்வளவுகள் முறையே 97, 94, 91 வீதமாக உயர்ந்தன. மேரிலாந்து மாநிலத்தின் றோட் ஆற்று நீரேந்து பிரதேசத்தில் நடைபெற்று 1984இல் வெளியான முன்னோடி ஆய்வொன்றும் இதனோடு ஒத்துப்போகின்றது. தன்னிடம் வந்து சேர்ந்த நைதரசனில் 89 வீதத்தை ஆற்றோரக் காடு தன்னகத்தே நிறுத்திவைத்தது. விளைநிலம் நிறுத்திவைத்ததோ 8 வீதம் மட்டுமே. எல்லா இடத்திலும் இதே அளவு கிடைக்கும் என்று கொள்ளலாகாது. மண், சரிவு, மழை, பட்டையின் வயது என்பவற்றுக்கேற்ப அது மாறும். நீர் பரவி வராது ஒரே வாய்க்காலாகப் பாயுமிடத்தில் பட்டையின் பயன் மிகக் குறைந்துவிடும். ஆயினும் அடிப்படை உண்மையில் ஐயமில்லை. சில மீற்றர் அகலமான தாவரம் ஓடையின் தன்மையையே மாற்றவல்லது.

இனி இழப்பை நோக்குவோம். ஒரு கிலோமீற்றர் நீளமான கரையில் 15 மீற்றர் அகலமான பட்டை ஒன்றரை ஹெக்டேயர் நிலத்தை எடுத்துக்கொள்ளும். அந்நிலத்தின் விளைவை இழப்பவன் கரையிலுள்ள விவசாயி. கரை இடிந்து நிலம் கரைந்துபோகாதிருத்தல் போன்ற சில நன்மைகள் அவனுக்கும் உண்டு என்பது மெய்யே. எனினும் நன்மையின் பெரும்பகுதி ஓடையோடு ஓடி அவன் ஒருபோதும் காணாத மனிதரைச் சென்றடைகின்றது. அயோவாவின் தலைநகரான டி மொயினின் மக்கள் குடிப்பது ஆற்று நீரையே. குடிநீரில் நைத்திரேற்று நைதரசன் இலீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. அளவு மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும் என்பதே அவ்விதியின் அடிப்படை. பசளையும் மலக்கழிவும் சுண்ணக்கல்லினூடாக இறங்கிக் கிணற்று நீரிற் சேர்வதை அறிந்த யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இக்கவலையை விளக்க வேண்டியதில்லை. டி மொயினுக்கும் அப்பால், மிசிசிப்பி ஆறு சென்று கலக்கும் மெக்சிக்கோ வளைகுடாவில் கோடைதோறும் ஒட்சிசன் மிகக் குறைந்த நீர்ப்பரப்பு ஒன்று தோன்றுகின்றது. 2017இல் அது 22,720 சதுர கிலோமீற்றர் பரப்பினதாக அளக்கப்பட்டது. இலங்கையின் நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட அளவு இது. ஆகவே இழப்பவன் ஒருவன்; பெறுபவர் பலர். அப்பலருள் இன்னும் பிறவாதோரும், வாய்பேசா உயிர்களும் அடங்குவர். அறவினா எழுவது இந்த இடத்திலேயே.

இவ்வினாவுக்கு மூவகை விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. நிலம் உரியவனுக்கே உரியது. பட்டை நாட்டுதல் அவனது பெருந்தன்மையைப் பொறுத்தது என்பது முதலாவது. பயன் பெறுவோர் விலை கொடுத்து வாங்கட்டும் என்பது இரண்டாவது. பிறர்க்குத் தீங்கு செய்யாதிருத்தல் யாவர்க்கும் கடமை. கடமையைச் செய்வதற்குக் கூலி கேட்டல் தகாது என்பது மூன்றாவது.

முதலாவது விடை நெடுநேரம் நிலைக்காது. கரையிலே புல் வளர்ப்பவன் தன்னிடமிருந்த ஒன்றைப் பிறருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. தன் நிலத்து மண்ணும் பசளையும் பிறர் நீரிற் சென்று விழாது தடுத்துக்கொள்கின்றான். அயலவன் முற்றத்தில் குப்பை கொட்டாதிருப்பவனை வள்ளல் என்று நாம் போற்றுவதில்லை. ஒப்புரவு என்னும் அறத்துக்கு வள்ளுவர் தனியதிகாரம் வகுத்தார். தீங்கிலிருந்து விலகுதல் அந்த உயர்ந்த அறம் தொடங்குவதற்கும் முன்னரே நிறைவேற வேண்டிய ஒன்று.

இரண்டாவது விடை வலிமை வாய்ந்தது. பொருளியலறிஞர் ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய கட்டுரையொன்றில் தீங்கு என்பது ஒருவழிப்பட்டதன்று என வாதிட்டார். மேல்நிலத்தான் கீழ்நிலத்தானுக்குத் தீங்கிழைப்பதைத் தடுப்பது, மேல்நிலத்தானுக்கு இழைக்கும் தீங்காகும். ஆகவே எத்தீங்கு பெரிது என்பதே வினா. பேரம் பேசுதல் செலவற்றதாயின், உரிமை எப்பக்கம் இருப்பினும் இருவரும் பயன்மிக்க முடிவையே வந்தடைவர். பேரம் பேசுதல் நடைமுறையில் செலவுமிக்கது என்பதை அவரே வற்புறுத்தினார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் பேரத்திற்குச் செலவே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் ஒரு குறை எஞ்சுகின்றது. தொட்டிலிற் கிடக்கும் குழந்தை அயோவாவின் விவசாயியோடு எவ்வாறு பேரம் பேசும்? ஓடையின் மீன் என்ன விலை கொடுக்கும்? பேரமேசைக்கு வர இயலாதார்க்கு நாம் கடமைப்பட்டவரல்லர் என்று கூறினால், அறத்தின் பெரும்பகுதி அழிந்துபோகும்.

அயோவாவின் நடைமுறை பெரும்பாலும் இவ்விரண்டாவது விடையையே தழுவியது. 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்படுத்திய நிலப்பாதுகாப்பு ஒதுக்கத் திட்டத்தின்கீழ், நிலத்தைப் பயிரிடாது தாவரத்துக்கு விடுவோர்க்கு அந்நாட்டு மத்திய அரசு 10 முதல் 15 ஆண்டுவரையான ஒப்பந்தத்தின்படி வாடகை கொடுத்து வந்துள்ளது. நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 2007இல் 3 கோடியே 68 இலட்சம் ஏக்கராக உச்சத்தை அடைந்த அத்திட்ட நிலம், சோள விலை உயர்ந்த ஆண்டுகளிலே சுருங்கத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உச்சவரம்பையே 2 கோடியே 40 இலட்சமாகக் குறைத்தது. அந்நிலத்திற் பெரும்பகுதி கரையோரப் பட்டையன்று என்பது உண்மை. எனினும் அதிலிருந்து பெறும் பாடம் பட்டைக்கும் பொருந்தும். விலைக்கு வாங்கிய நன்னடத்தை, அதனினும் மேலான விலை வந்தபோது விற்பனையாகிவிடுகின்றது.

இதனை முன்னரே கண்டவர் அல்டோ லியோபோல்ட். 1887இல் அயோவாவின் பேர்லிங்டன் நகரில், மிசிசிப்பிக் கரையிலே பிறந்தவர் அவர். அவரது மறைவுக்கு அடுத்த ஆண்டாகிய 1949இல் வெளிவந்த நூலில் நிலத்தைப் பற்றிய அறத்தை வகுத்துரைத்தார். மனித சமூகத்தின் எல்லையை மண்ணும் நீரும் தாவரமும் விலங்கும் உட்படுமாறு விரிக்க வேண்டும் என்பது அவரது கோட்பாடு. விஸ்கொன்சின் மாநிலத்தில் 1930களில் மண்ணரிப்பைத் தடுக்க விவசாயிகளுக்கு அரசு ஐந்தாண்டு உதவி வழங்கியமையையும், ஐந்தாண்டு முடிந்ததும் உடனடி இலாபந்தரும் முறைகள் மட்டும் எஞ்ச ஏனையவை மறக்கப்பட்டமையையும் அவர் எடுத்துக்காட்டினார். கடப்பாடு என்ற சொல்லையே உச்சரிக்காது மக்களை நல்வழிப்படுத்த முயன்றமையே அத்தோல்விக்குக் காரணம் என்பது அவர் கருத்து.

மூன்றாவது விடையைச் சட்டமாக்க முனைந்தது அயோவாவின் வடக்கேயுள்ள மினசோட்டா மாநிலம். ஆளுநர் மார்க் டேற்றனின் முயற்சியால் 2015இல் நிறைவேறிய சட்டம், பொதுநீர்நிலைகளின் கரையில் சராசரி 50 அடி அகலத்துக்கும் பொது வடிகால்களின் கரையில் பதினாறரை அடி அகலத்துக்கும் பல்லாண்டுத் தாவரம் இருத்தல் வேண்டும் என விதித்தது. நிலத்தைப் பறிக்கும் செயல் என்று விவசாயிகள் பலர் அதனை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பைச் சுயநலம் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அதில் ஒரு நியாயம் உண்டு. ஓடையை அழுக்காக்குபவன் கரைநிலத்தான் மட்டுமல்லன். குன்றின் மேற்புறத்திலிருந்து வரும் அனைவரது நீரும் அவன் நிலத்தினூடாகவே செல்கின்றது. மேலேயுள்ளவன் தன் நிலம் முழுவதையும் உழுதுகொள்ள, கரையிலிருப்பவன் மட்டும் எல்லோருக்காகவும் இழப்பதா? மேலும், அயோவாவின் விளைநிலத்தில் அரைப்பங்குக்கும் மேற்பட்டது குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டுக்குத்தகைக்கு உழுபவன் பத்தாண்டு கழித்து நிழல் தரும் மரத்தை யாருக்காக நடுவான்?

டி மொயின் நகர நீர்வழங்கல் நிறுவனம் 2015இல் தொடுத்த வழக்கு இச்சிக்கலை மேலும் வெளிப்படுத்தியது. வயல்களின் கீழே புதைக்கப்பட்ட வடிகுழாய்கள் வழியாக வரும் நைத்திரேற்றுக்கு, மேற்புறத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் சபைகளே பொறுப்பு என அது வாதிட்டது. அச்சபைகளிடமிருந்து நட்டஈடு பெற இயலாது என மாநில உயர்நீதிமன்றம் 2017 சனவரியில் கூறியது. அவ்வாண்டு மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. சபைகளுக்குச் சட்டம் அளித்த அதிகாரம் எத்தகையது என்பதைப் பற்றியே தீர்ப்பு அமைந்தது. மேல்நிலத்தார் கீழ்நிலத்தார்க்குக் கடமைப்பட்டவரா என்ற வினா விடையின்றியே நின்றது. 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நைத்திரேற்று மிகுந்தமையால், மத்திய அயோவாவின் நகரத்தார் தம் புற்றரைகளுக்கு நீரூற்றுதல் தடைசெய்யப்பட்டது. தீராத வினா நீரிலே திரும்பவும் தோன்றியது எனலாம்.

அவ்வழக்கிற் பேசப்பட்ட வடிகுழாய்கள் நம் சிந்தனைக்கு மற்றொன்றையும் தருகின்றன. சதுப்பு நிலத்தை வயலாக்குவதற்காக அயோவாவின் மண்ணுக்குள் குழாய்கள் புதைக்கப்பட்டன. அவை நைத்திரேற்று நிறைந்த நீரைப் பட்டையின் வேர்களுக்கும் கீழாகக் கொண்டுசென்று நேரே ஓடையில் விடுகின்றன. மேலே மரமும் புல்லும் பசுமையாக நிற்க, கீழே குழாய் தன் வேலையைச் செய்கின்றது. பார்ப்போர்க்குப் பட்டை அறத்தின் அடையாளமாகத் தோன்றும். ஓடைக்கோ அதனாற் பயன் குறைவு. 2010இல் அதே பெயார் கிறீக் ஓடைக்கரையில் இதற்கு ஒரு பரிகாரம் காணப்பட்டது. குழாய்நீர் நேரே ஓடையில் விழாது, கரைக்கு இணையாகப் பதித்த மற்றொரு குழாய்மூலம் பட்டையின் மண்ணிலே பரவிக் கசியுமாறு செய்தனர். கடமையை நிறைவேற்றியதாகக் காட்டிக்கொள்ளுதல் வேறு, நிறைவேற்றுதல் வேறு. பட்டை நாட்டப்பட்டதா என்று மட்டும் கேட்கும் சட்டமும், நாட்டியதற்கு மட்டும் வாடகை கொடுக்கும் திட்டமும் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. நீர் தூய்மையாயிற்றா என்று கேட்பது கடமையுணர்ச்சி ஒன்றே.

இதுவரை கூறியவற்றால் பட்டை கொடையன்று, கடனே என்பது பெறப்படும். எனினும் அக்கடனைச் செலுத்த வேண்டியவர் யாவர் என்பது தீரவில்லை. இவ்விடத்தில் நம் நாட்டு வரண்ட பிரதேசத்துக் குளக்கிராமங்களை நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடரும் அக்குளங்களின் அமைப்பை உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. குளத்தின் மேற்புற நீர்விளிம்பிலே கஸ்கொம்மன எனப்படும் மரத்தொகுதி. அதனோடு சார்ந்து, வரும் நீரின் வண்டலை வடிகட்டும் பெரஹன என்னும் புற்பரப்பு. அணைக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே உவரைத் தாங்கும் கட்டக்கடுவ என்னும் தாவரத் துண்டு. அயோவாவில் இன்று நாட்டப்படும் பட்டையின் வேலையையே இவையும் செய்தன. ஆனால் இவை தனியொருவன் தன் வயலிலிருந்து வெட்டிக் கொடுத்தவையல்ல. ஊரின் பொதுநிலமாக இருந்தவை.

பழமை அனைத்தும் அறமாகவே இருந்தது என்று கூறுதல் தகாது. 1832இல் நீக்கப்படும்வரை நிலவிய இராசகாரிய முறை கட்டாய உழைப்பையும் உட்கொண்டது. எனினும் அக்கிராமங்களின் வழக்கங்களுள் பெத்ம என்பது நம் வினாவுக்கு நேரான ஒளி தருகின்றது. குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாத காலத்தில், குளத்தையடுத்த வயற்பகுதி மட்டும் பயிரிடப்படும். அது எவனுடையது என்று பாராது, வயலுடையோர் அனைவருக்கும் அதிலே தற்காலிகப் பங்கு வகுக்கப்படும். தூரத்து வயலுக்குரியவன் தன் வயல் தரிசாகக் கிடக்கப் பட்டினியிருப்பதில்லை. இழப்பு எவ்விடத்தில் விழுந்தது என்பதை இயற்கை தீர்மானித்தது. அதனை எவர் சுமப்பது என்பதை ஊர் தீர்மானித்தது.

இம்முறையின் உட்பொருளை ஓடைக்கரைக்கும் விரித்தல் இயலும். பட்டை எங்கே அமைய வேண்டும் என்பதை நீரின் போக்கே வரையறுக்கின்றது. அதனால் அது கரைநிலத்தான் மீதே விழுகின்றது. அவ்விழப்பை மேல்நிலத்தாரும், நீரைக் குடிப்போரும், மலிவான விளைபொருளை உண்போரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, அவனுக்குக் கொடுக்கும் பணத்தின் பொருளும் மாறிவிடுகின்றது. தீங்கு செய்யாதிருப்பதற்கான கூலியாக அது கொடுக்கப்பட்டால், கொடுப்பது நின்ற நாளில் கடமையும் நின்றுவிடும். பொதுக்கடனில் எமக்குரிய பங்காக அது கொடுக்கப்பட்டால், பட்டை பேரப்பொருளாவதில்லை. பணம் ஒன்றேயாயினும் இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு பெரிது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நம் மலையகத்தில் மரக்கறித் தோட்டங்கள் பல இடங்களில் ஓடையின் விளிம்புவரை இறங்கியுள்ளன. அங்கிருந்து கழுவப்படும் மண் பொல்கொல்லை, ரந்தம்பை முதலிய நீர்த்தேக்கங்களிலே படிந்து வந்துள்ளது. 150 ஹெக்டேயர் நிலமுடைய ஓர் அயோவா விவசாயி ஒன்றரை ஹெக்டேயரை விடும்போது இழப்பது நூறில் ஒரு பங்கு. சதுரமான கால் ஏக்கர்த் துண்டில் உருளைக்கிழங்கு பயிரிடும் ஒருவரிடம், ஓடையையடுத்த 15 மீற்றரை விடுமாறு கேட்டால் அவர் ஏறக்குறைய அரைப்பங்கை இழப்பார். கடமை இருவர்க்கும் ஒன்றே, சுமையோ ஒன்றன்று. சுமையைப் பகிர்ந்துகொள்ளாது கடமையை மட்டும் போதிப்பது, வலியோர் எளியோர்க்கு அறம் உரைப்பதாய் முடியும். சுமை கடினமென்று கடமையையே மறுப்பதோ, அவரினும் எளியோராய்க் கீழேயிருந்து அந்நீரை அள்ளிக் குடிப்போரைக் கைவிடுவதாகும்.

ஆகவே கரையோரப் பட்டை கொடையுமன்று, விற்பனைப் பொருளுமன்று. நீர் இணைத்து வைத்த அனைவரும் கூடிச் செலுத்த வேண்டிய கடனாகும். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் ஓடைக்கரையில் நிலம் உடையோரல்லேம்; அதனால் இக்கடனிலிருந்து நீங்கியவராக எம்மைக் கருதிக்கொள்வது எளிது. ஆனால் நாளும் நாம் உண்ணும் மரக்கறி எந்தச் சரிவிலே விளைந்தது, அதன் விலையில் எந்த ஓடையின் கரை சேர்க்கப்படாது விடப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப்பார்ப்போமாயின், எமது பங்கு எவ்வளவு என்பதும் புலனாகத் தொடங்கும்.